குழந்தைக்கு மலேரியா கார்டு டெஸ்ட்: முடிவை எவ்வளவு நம்பலாம்?

குழந்தைக்குக் காய்ச்சல். விரல் நுனியில் குத்தி, துளி ரத்தம் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் அட்டையில் விடுகிறார்கள். கால் மணி நேரத்தில் மலேரியா உண்டு அல்லது இல்லை என்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பதைப் பற்றிப் பெற்றோரும், சில சமயம் சோதனை செய்கிற பணியாளர்களும் கேட்கிற கேள்விகள் இவை. எந்த மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியது. இங்கே சோதனையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இந்த அட்டை மலேரியாக் கிருமியைத்தான் பார்க்கிறதா?

இல்லை. கிருமி ரத்தத்தில் விட்டுவைக்கிற புரதத்தைப் பார்க்கிறது. வீட்டில் எலி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. எலியையே தேடிப் பிடிப்பது ஒன்று, மூலையில் எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை, அதாவது ரத்தப் பூச்சை, நுண்ணோக்கியில் பார்ப்பவர் எலியைத் தேடுகிறார். கார்டு டெஸ்ட் புழுக்கையைத் தேடுகிறது. கேட்கக் கொஞ்சம் அருவருப்பான உவமைதான். ஆனால் இந்தச் சோதனை எங்கே சரியாகச் சொல்லும், எங்கே தடுமாறும் என்பதில் பாதி இதிலேயே புரிந்துவிடும்.

அட்டைக்குள் இருக்கும் காகிதப் பட்டையில் குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளை ஒரு கோடாகப் பதித்திருப்பார்கள். ரத்தமும், அதை ஓட வைக்க அட்டையோடு தரும் பஃபர் திரவமும் பட்டையில் ஊறிப் போகும்போது அந்தப் புரதம் இருந்தால் அங்கே நிறம் சேர்ந்து கோடு தெரியும். தேடப்படும் புரதங்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. எச்ஆர்பி2 என்பது ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி மட்டும் வெளியிடுவது. எல்டிஎச் என்ற நொதி எல்லா மலேரியா வகைகளிலும் உண்டு. அதில் எல்லா வகைக்கும் பொதுவான கோடும் போடலாம், ஒரு வகைக்கு மட்டுமான கோடும் போடலாம். மூன்றாவது ஆல்டோலேஸ், இதுவும் எல்லா வகைக்கும் பொதுவானது. உங்கள் கையில் இருக்கும் அட்டை எந்தப் புரதத்தைத் தேடுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். கீழே வரும் பல பதில்கள் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

சரி, எவ்வளவு துல்லியம்? ஒரு எண் சொல்லுங்கள்.

ஒரு எண் போதாது, இரண்டு வேண்டும். மலேரியா உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது ஒன்று. மலேரியா இல்லாதவர்களில் எத்தனை பேரை இல்லை என்று சரியாக விடுவிக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதை உணர்திறன் என்றும் இரண்டாவதைத் தனித்திறன் என்றும் சொல்வார்கள்.

2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 74 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு எச்ஆர்பி2 வகைச் சோதனைகளின் உணர்திறன் சராசரியாக 95 சதவீதம், தனித்திறனும் 95 சதவீதத்தை ஒட்டியே வந்தது. எல்டிஎச் வகையில் உணர்திறன் 93, தனித்திறன் 98.5 சதவீதம். அதாவது எச்ஆர்பி2 கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது, எல்டிஎச் கொஞ்சம் குறைவாகப் பொய் சொல்கிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் நுண்ணோக்கி. அந்த அளவுகோலே எப்போதும் நேராக இருப்பதில்லை. பார்ப்பவர் களைத்திருந்தாலோ பூச்சு சரியாக விழாவிட்டாலோ அதுவும் தவறும். கார்டு சொன்னதுதான் சரி, நுண்ணோக்கி சொன்னது தவறு என்ற சந்தர்ப்பமும் புள்ளிவிவரத்தில் கார்டின் பிழையாகவே பதிவாகிவிடும்.

தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசமும் பெரிது. 2008 முதல் 2018 வரை உலக சுகாதார நிறுவனம் எட்டுச் சுற்றுகளாகப் பல நிறுவனங்களின் அட்டைகளைச் சோதிக்க வைத்தது. ஒரு மைக்ரோலிட்டர் (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ரத்தத்தில் 2000 ஒட்டுண்ணி இருக்கும்போது பெரும்பாலான அட்டைகள் நன்றாகவே பிடித்தன. 200-க்கு இறங்கியதும் நல்லது எது, மட்டமானது எது என்று பிரிந்துபோயின. 200 அளவுள்ள மாதிரிகளில் குறைந்தது 75 சதவீதத்தையாவது அட்டை பிடிக்க வேண்டும், பொய்யான பாசிட்டிவ் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் வரம்பு வைத்தது.

95 சதவீதம் என்றால், பாசிட்டிவ் வந்த 100 குழந்தைகளில் 95 பேருக்கு மலேரியா என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் படித்தவர்களும் வழுக்குவார்கள். அப்படி அர்த்தமில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மலேரியா அதிகம் உள்ள ஓர் இடம். காய்ச்சலோடு வரும் 1000 குழந்தைகளில் 500 பேருக்கு உண்மையிலேயே மலேரியா என்று வைத்துக்கொள்வோம். சோதனை அதில் 475 பேரைப் பிடிக்கும். மீதி 500 பேரில் 25 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஆக மொத்தம் 500 பாசிட்டிவ், அதில் 475 உண்மை. இங்கே பாசிட்டிவ் என்றால் 95 சதவீதம் நம்பலாம். ஆனால் 25 நோயாளிகள் நெகட்டிவ் என்று வெளியே போயிருப்பார்கள்.

இப்போது மலேரியா அரிதான ஓர் இடம். அதே அட்டைதான், அதே 1000 குழந்தைகள்தான். உண்மையில் நோய் உள்ளவர்கள் 20 பேர். சோதனை 19 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 980 பேரில் 49 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். மொத்தப் பாசிட்டிவ் 68, உண்மை 19 மட்டுமே. நூற்றுக்கு 28! ஆனால் நெகட்டிவ் வந்த 932 பேரில் தப்பியவர் ஒரே ஒருவர்தான்.

அட்டை மாறவில்லை. செய்தவர் கையும் மாறவில்லை. சுற்றியிருக்கும் நோயின் அளவு மாறியது, அதோடு முடிவின் பொருளும் மாறிவிட்டது. அதனால்தான் நல்ல மருத்துவர் சோதனை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே, குழந்தை எங்கே இருந்தது, சமீபத்தில் எங்கே பயணம் போனது என்று கேட்கிறார். கேட்காமல் முடிவை மட்டும் பார்ப்பவர் பாதித் தகவலைத்தான் பார்க்கிறார் என்பது என் கருத்து.

பெரியவர்களைவிடக் குழந்தைகளில் இது நன்றாக வேலை செய்யுமா, மோசமாகவா?

இரண்டும்தான்.

மலேரியா நிறைந்த இடத்தில் வளரும் பெரியவர்களுக்குப் பல தடவை நோய் வந்து வந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கும். ரத்தத்தில் கிருமி கொஞ்சமாகவே இருக்கும். சிறு குழந்தைகளிடம் அந்த எதிர்ப்பு இன்னும் உருவாகியிருக்காது. கிருமி வேகமாகப் பெருகும், புரதமும் ஏராளமாகச் சேரும். ஆகவே நோயுள்ள குழந்தையை அட்டை சுலபமாகப் பிடிக்கிறது.

மறுபக்கம், அதே குழந்தைகளுக்குத்தான் திரும்பத் திரும்ப மலேரியா வருகிறது. போன மாத நோயின் எச்ஆர்பி2 இன்னும் ரத்தத்தில் மிச்சமிருக்கும்போது இந்த மாதம் சாதாரணச் சளிக் காய்ச்சல் வந்தால், அட்டை பாசிட்டிவ் காட்டிவிடும். பரவல் அதிகமுள்ள இடங்களில் இந்த வயதினரிடம் தனித்திறன் சரிவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கைக்குழந்தைகள் தனி ரகம். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகளும், கருவிலிருந்து மிச்சமிருக்கும் ஹீமோகுளோபினும் கொஞ்ச காலம் காப்பாற்றும். கிருமி இருந்தாலும் குறைவாக இருக்கலாம், அட்டைக்கு எட்டாமல் போகலாம். இன்னொரு நடைமுறைச் சிக்கல், இவ்வளவு சின்ன விரலில் ரத்தம் எடுப்பது. அதனால்தான் இந்த வயதில் குதிகாலில் குத்துகிறார்கள். குழந்தை உதறி அழும்போது விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும்.

இந்தத் துல்லியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2023-இல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

நெகட்டிவ் வந்தது, காய்ச்சல் மட்டும் விடவில்லை. சோதனை தவறியிருக்குமா?

தவறியிருக்கலாம். ஆனால் வேறு நோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தவறுவது எப்படி என்று முதலில் பார்ப்போம். நல்ல அட்டை ஒரு மைக்ரோலிட்டரில் 100 முதல் 200 ஒட்டுண்ணி இருந்தால் பிடிக்கும். கேட்க மிகக் குறைவாகத் தெரிகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 800 மில்லி ரத்தம் இருக்கும். மைக்ரோலிட்டருக்கு 100 என்றால் மொத்தத்தில் எட்டுக் கோடி! அந்த அளவுக்குப் பெருகும் வரை அட்டை மௌனமாக இருக்கலாம். இயற்கையான எதிர்ப்பு இல்லாத குழந்தைக்கு அதற்கு முன்பே காய்ச்சல் தொடங்கிவிடக்கூடும். அப்புறம், அரைகுறையாக மலேரியா மருந்து ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் அளவு இறங்கிப்போயிருக்கும்.

அதனால் மலேரியா சந்தேகம் வலுவாக இருந்தால் ஒரே நெகட்டிவோடு விட்டுவிடக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி பார்ப்பது வழக்கம். நுண்ணோக்கிப் பூச்சு என்றால் மூன்று தடவை வரை பார்க்கச் சொல்வார்கள்.

இனி ஆறுதலான பக்கம். தான்சானியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட 1000 காய்ச்சல் குழந்தைகளைச் சோதித்து, நெகட்டிவ் வந்த 600 சொச்சம் பேருக்கு மலேரியா மருந்தே கொடுக்காமல் ஒரு வாரம் கவனித்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், பின்னர் பாசிட்டிவ் ஆனவர்கள் மூன்று பேர்தான். பெரும்பாலோர் ஏழாம் நாளுக்குள் குணமாகியிருந்தார்கள். நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்திவைப்பது ஆபத்தான சூதாட்டம் என்று அதுவரை பயந்தவர்களுக்கு அது ஒரு நல்ல பதில்.

எதற்கு வம்பு? நெகட்டிவ் என்றாலும் மலேரியா மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே?

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பரவல் அதிகமான பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே மலேரியா மருந்து. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றியது. எந்த வயதானாலும், சோதிக்க வசதி இருந்தால் முதலில் சோதனை, அப்புறம்தான் மருந்து.

காரணம், வீணாகும் மருந்தும் வளரும் மருந்து எதிர்ப்பும் மட்டுமல்ல. மலேரியா மருந்து கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில் உண்மையான நோயைத் தேடாமல் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. தான்சானியாவிலேயே பத்து வயதுக்குட்பட்ட 1005 காய்ச்சல் குழந்தைகளை ஆராய்ந்து 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். 62 சதவீதத்தினருக்குச் சுவாசப் பாதைத் தொற்று. மலேரியா 10.5 சதவீதம்தான். மொத்தத்தில் பத்தில் ஏழு பேருக்கு வைரஸ் நோய். மலேரியா நாடு என்று பெயர் எடுத்த இடத்திலேயே நிலைமை இது.

இதே அவசரம் ஆன்டிபயாடிக் பக்கமும் தாவுகிறது. கார்டு நெகட்டிவ் என்றதும் கை தானாக ஆன்டிபயாடிக்கை எழுதுகிறது. மலேரியா இல்லை என்பதால் பாக்டீரியாதான் என்று ஆகிவிடாது. வைரஸ் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது.

பாசிட்டிவ் வந்துவிட்டது. காய்ச்சலுக்குக் காரணம் மலேரியாதான் என்று முடிவு கட்டலாமா?

மருந்து கொடுக்க முடிவு கட்டலாம். தேடலை நிறுத்த முடிவு கட்டக் கூடாது.

பரவல் அதிகமான இடங்களில் காய்ச்சலே இல்லாமல் ஓடியாடித் திரியும் குழந்தைகளின் ரத்தத்திலும் மலேரியாக் கிருமி இருக்கும். அந்தக் குழந்தைக்கு நிமோனியா வந்தால் கார்டு பாசிட்டிவ்தான் காட்டும். அட்டை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது: இந்த ரத்தத்தில் அந்தப் புரதம் இருக்கிறது. காய்ச்சல் ஏன் என்பது வேறு கேள்வி, அதை யாரும் அட்டையிடம் கேட்கவில்லை. கடுமையான மலேரியா உள்ள சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்தே இருக்கும். ஆகவே மூச்சு வாங்குகிறதா, கழுத்து விறைத்திருக்கிறதா, காது, தொண்டை, சிறுநீர் எப்படி என்று பார்க்கும் வேலை பாசிட்டிவ் வந்த பிறகும் பாக்கி இருக்கிறது.

மலேரியாவே இல்லாமல் வேறு காரணத்தால் கோடு விழுவதும் உண்டு. ரத்தத்தில் முடக்குவாதக் காரணி என்ற ஆன்டிபாடி இருப்பவர்களுக்குச் சில அட்டைகள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியிருக்கின்றன. குழந்தைகளில் இது அபூர்வம்.

மருந்து முழுசாகக் கொடுத்து முடித்தோம். பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தால் இன்னும் பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லையா?

எலிப்புழுக்கையை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? எலி செத்துவிட்டது, புழுக்கை கிடக்கிறது. எச்ஆர்பி2 புரதம் கிருமி ஒழிந்த பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ரத்தத்தில் சுற்றும். கிருமி எவ்வளவு அதிகமாக இருந்ததோ அவ்வளவு நாள் தங்கும். குணமாகி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இப்படி ஒரு மறுசோதனை செய்து, வந்த பாசிட்டிவைப் பார்த்துப் பதறி, இன்னொரு சுற்று மருந்து கொடுப்பது தேவையில்லாத வேலை.

எல்டிஎச் வகை இதில் பரவாயில்லை. அதை உயிருள்ள கிருமிதான் உண்டாக்குகிறது, கிருமி ஒழிந்ததும் பெரும்பாலும் சில நாட்களில் மறைந்துவிடும். இருந்தாலும், மருந்து கேட்டதா என்பதைச் சந்தேகமறத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நுண்ணோக்கிதான் வழி. கிருமி எத்தனை இருந்தது, எத்தனையாகக் குறைந்தது என்று அதில்தான் எண்ண முடியும். கார்டில் எண்ணிக்கை கிடையாது.

கோடு ரொம்ப மங்கலாக இருக்கிறது. பாதிப் பாசிட்டிவா?

பாதி என்று ஒன்று இல்லை. சரியான நேரத்துக்குள் தெரிந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். மங்கலான கோடு என்றால் லேசான நோய், அழுத்தமான கோடு என்றால் கடுமையான நோய் என்று எடுத்துக்கொள்வதும் தவறு.

கட்டுப்பாட்டுக் கோடு வந்திருக்கிறது. அப்படியானால் சோதனை சரியாக நடந்தது என்றுதானே?

சோதனை ஓடியதா என்று காட்ட அட்டையில் தனியாக இருக்கும் அந்தக் கோடு வராவிட்டால் சோதனை செல்லாது, புது அட்டை எடுக்க வேண்டும். அது உறுதி. ஆனால் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. திரவம் பட்டையில் ஓடியது, நிறம் கொடுக்கும் பொருள் கெடவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. ரத்தமே விடாமல் பஃபரை மட்டும் ஊற்றினாலும் கட்டுப்பாட்டுக் கோடு வந்துவிடும்!

உண்மையில் நிறையப் பிழைகள் மேசையில்தான் நடக்கின்றன. பல அட்டைகளுக்கு வேண்டியது 5 மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது ஒரு முழுச் சொட்டைவிட மிகக் குறைவு. தாராளமாக விட்டால் பட்டையின் பின்னணி சிவந்து கோடு மறையும், குறைத்து விட்டால் புரதம் போதாது. ரத்தம் விட வேண்டிய குழியில் பஃபரும், பஃபர் குழியில் ரத்தமும் போவதுண்டு. ஒரு பெட்டியில் பஃபர் தீர்ந்துபோனால் வேறு நிறுவனத்தின் பஃபரை ஊற்றுவது, சில சமயம் வெறும் தண்ணீரையே ஊற்றுவது, இதெல்லாம் முடிவைத் தலைகீழாக்கும்.

நேரம் இன்னொரு பொறி. பெரும்பாலான அட்டைகளை 15 முதல் 20 நிமிடத்தில் பார்க்க வேண்டும், சிலவற்றுக்கு 30. சரியான நேரம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் பார்த்து இல்லை என்று தூக்கிப் போட்டால் மெதுவாக எழும் கோடு தப்பிவிடும். மதியம் செய்த அட்டையைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் காய்ந்த பட்டையில் இல்லாத கோடு தெரியலாம்.

சேமிப்பும் கவனிக்க வேண்டியது. சில அட்டைகளுக்கு 30 டிகிரி செல்சியஸ் வரை, சிலவற்றுக்கு 40 வரை என்று மேல்வரம்பு போட்டிருப்பார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஈரப்பதம் அதைவிட மோசம். உறையைச் சோதனைக்குச் சற்று முன்புதான் கிழிக்க வேண்டும்.

அப்படியானால் ரத்தப் பூச்சே மேல் இல்லையா?

கை தேர்ந்தவர், நல்ல நுண்ணோக்கி, போதுமான நேரம், மூன்றும் இருந்தால் மேல். எந்த வகை ஒட்டுண்ணி, எத்தனை, எந்தப் பருவம் என்று எல்லாம் சொல்லும். சாதாரண ஆய்வகத்தில் மைக்ரோலிட்டருக்கு 50 முதல் 100 வரை இருந்தால் கண்டுபிடிக்கிறார்கள், தேர்ந்தவர்கள் அதற்கும் கீழே போவார்கள். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கார்டு முந்திவிடும்.

பூச்சு தவறி, கார்டு பிடிக்கும் ஒரு சந்தர்ப்பம் கவனிக்கத்தக்கது. ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். விரலில் எடுக்கும் ரத்தத்தில் கிருமி கண்ணில் படாது. ஆனால் அது வெளியிட்ட எச்ஆர்பி2 ரத்தம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பதால் அட்டையில் கோடு விழும். கடுமையாக நோயுற்ற குழந்தைக்கு இது உயிர் காக்கும் தகவல்.

கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை மைக்ரோலிட்டருக்கு ஒன்றுக்கும் குறைவான கிருமியைக்கூடப் பிடிக்கும். ஆனால் முடிவு வர நேரம் எடுக்கும், காய்ச்சலோடு காத்திருக்கும் குழந்தைக்கு அது முதல் சோதனை அல்ல. 2017-இல் எச்ஆர்பி2-வை இன்னும் நுட்பமாகப் பிடிக்கும் அட்டைகளும் வந்தன. அறிகுறி இல்லாதவர்களிடம் மறைந்திருக்கும் கிருமியைத் தேட அவை உதவலாம். காய்ச்சல் குழந்தைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை என்றே நினைக்கிறேன். கண்டுபிடிப்பது கூடக்கூட, காய்ச்சலோடு சம்பந்தமில்லாத கிருமியும் அகப்படும்.

சில கிருமிகள் கார்டு டெஸ்ட்டுக்கே டிமிக்கி கொடுக்குமாமே?

ஆமாம், இது வதந்தி அல்ல. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிகளில் சிலவற்றுக்கு எச்ஆர்பி2-வை உண்டாக்கும் மரபணுவே இல்லை. அதன் உடன்பிறப்பு போன்ற எச்ஆர்பி3 மரபணுவும் சிலவற்றில் இருக்காது. புழுக்கையே போடாத எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் முழுக்கக் கிருமி இருந்தாலும் எச்ஆர்பி2 அட்டை நெகட்டிவ் என்றே சொல்லும்.

பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இது இருப்பது 2010-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. பிறகு எரித்திரியாவில், நோய் முற்றிய நிலையில் வந்தவர்களுக்கும் அட்டை நெகட்டிவ் காட்டவே, 2016-இல் அந்த நாடு எச்ஆர்பி2 மட்டும் பார்க்கும் சோதனைகளைக் கைவிட்டது. எத்தியோப்பியா, ஜிபூட்டி உள்ளிட்ட நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். நோயுற்றவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தக் காரணத்தால் தப்பினால் எச்ஆர்பி2-வை மட்டும் நம்பாத சோதனைக்கு மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. சோதித்துப் பாசிட்டிவ் வந்தவர்களுக்கே மருந்து என்ற நல்ல பழக்கம், சோதனையில் சிக்காத கிருமிகளை மருந்துக்குத் தப்பவிட்டு அவற்றைப் பெருக வைக்கிறது.

கிருமி அளவுக்கு மீறி இருந்தாலும் நெகட்டிவ் வருமா?

அபூர்வமாக வரும். புரதம் வெள்ளமாகப் பெருகினால் ஆன்டிபாடிகள் திணறி, கோடு உருவாகாமலோ மிக மங்கலாகவோ போகும். எச்ஆர்பி2 அட்டைகளில்தான் இது பதிவாகியிருக்கிறது. கிருமி எண்ணிக்கை மிக உயரக்கூடிய சிறு குழந்தைகளிடம் இதை மறக்கக் கூடாது. ரத்தத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி செய்தால் கோடு பளிச்சென்று வரும். பூச்சில் பார்த்தாலும் கிருமி அப்பட்டமாகத் தெரியும்.

ஃபால்சிபாரம் தவிர மற்ற வகைகளுக்கு?

வைவாக்ஸ் வகைக்கு எல்டிஎச் அட்டைகள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வைவாக்ஸில் கிருமி எண்ணிக்கையே குறைவாக இருப்பதால் தப்புவதும் கொஞ்சம் கூடும். ஓவேல், மலேரியே வகைகளில் நம்பகம் குறைவு, நோலெசியிலும் அப்படியே. எச்ஆர்பி2 மட்டும் பார்க்கும் அட்டையில் நெகட்டிவ் வந்தால் ஃபால்சிபாரம் இல்லை என்று மட்டுமே அர்த்தம். மலேரியாவே இல்லை என்று படிக்கக் கூடாது.

மலேரியா தடுப்பூசி போட்டால் பாசிட்டிவ் வருமா? பாரசிட்டமால் கொடுத்தால் முடிவு மாறுமா?

இரண்டுக்கும் இல்லை. 2021-இலும் 2023-இலும் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு தடுப்பூசிகளும் வேறு ஒரு புரதத்தை வைத்துச் செய்தவை. அட்டை தேடும் புரதங்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கும், கிருமியைத் தொடாது.

ஆன்டிபாடி பார்க்கும் மலேரியா டெஸ்ட் என்று ஒன்று எடுக்கச் சொன்னார்கள்.

இன்றைய காய்ச்சலுக்கு அது பயன்படாது. ஆன்டிபாடி உருவாக நாளாகும், உருவானால் மாதக்கணக்கில் இருக்கும். எப்போதோ மலேரியா வந்ததா என்பதைத்தான் அது சொல்லும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது கிருமியின் புரதத்தைப் பார்க்கும் ஆன்டிஜென் சோதனை (இதுவரை பேசிய கார்டு) அல்லது ரத்தப் பூச்சு.

கார்டை வாங்கி வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

செய்முறை கடினமில்லை. சமூக சுகாதாரப் பணியாளர்கள் முறையான பயிற்சி பெற்று வீடு வீடாகச் செய்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பெற்றோர் செய்வதில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. நெகட்டிவ் வந்தால் வீட்டிலேயே இருந்துவிடத் தோன்றும். ஒரு நெகட்டிவுக்கு அவ்வளவு பலம் கிடையாது என்று மேலே பார்த்துவிட்டோம்.

எப்போது சோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓட வேண்டும்?

குழந்தைக்கு வலிப்பு வந்தால், கூப்பிட்டால் முழிக்காமல் துவண்டு கிடந்தால், பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியாவிட்டால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், மூச்சு இரைத்தால், உள்ளங்கையும் கண்ணின் உட்புறமும் வெளுத்துப் போயிருந்தால், கார்டு என்ன சொன்னாலும் உடனே மருத்துவமனை. நெகட்டிவ் என்று எழுதிய சீட்டு கையில் இருந்தாலும்தான். மலேரியா பரவும் இடத்தில் இந்த அறிகுறிகளோடு வரும் குழந்தைக்கு, சோதிக்க வழியில்லை என்றால் மருத்துவர்கள் மருந்தை முதலில் தொடங்கிவிடுவார்கள்.

போகும்போது பழைய அட்டையைக் கொண்டுபோவதைவிட, அதன் பெட்டியின் பெயர், சோதித்த நாள், மணி, காய்ச்சல் தொடங்கிய நாள், ஏற்கெனவே கொடுத்த மருந்துகள், கடந்த சில வாரங்களில் தங்கிய இடங்கள் இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். காய்ந்த அட்டையை அங்கே யாரும் மறுபடி படிக்க மாட்டார்கள், சீட்டைப் படிப்பார்கள்.